விழாத கிளை

அத்தியாயம் 17

சின்னவனின் சாமர்த்தியத்தைப் பதினாறு வாரமாகப் பார்த்து வருகிறவர்களுக்கு இனி அவனைப் பற்றி எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

பெரியவள் அவனுடைய அக்கா. மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. ஊரில் எந்தத் தெருவுக்குக் கரண்ட் போகிறது, எங்கே நின்றது, கம்ப்யூட்டர் வழியாக எவனாவது உள்ளே கையை விடுகிறானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவள் பொறுப்பு. கூட வேலை பார்க்கிறவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. நாலு இடத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு இடத்திலும் சண்டை போட்டுக்கொண்டு வந்த தம்பிக்கு, துணை மின் நிலையங்களின் கருவிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தை வாங்கிக் கொடுத்தது இந்தப் பூதக்கண்ணாடிதான். "இவருக்கு நான் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் அவளே. பத்தொன்பது நாளைக்கு முன் சின்னவனுக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்னும் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டருக்குள் இருக்கிறது. போன வாரம் அத்தைக்காரி கண்ணாடிக்கு வெளியே நின்று அழுததோடு விட்டோம்.

இந்த வாரம் அழுகை இல்லை. குமட்டல்தான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு முதல் போன் வந்தது. ஒன்பது இருபத்தைந்துக்குள் முப்பது போன். புகார் எழுதும் பெண் இரண்டு காதிலும் ரிசீவரை வைத்துக்கொண்டு பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், ஆறாம் நம்பர் சப்ஸ்டேஷன் ஏரியா முழுக்க கரண்ட் இல்லையாம். கடைத்தெரு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, எல்லாம்."

பெரியவள் சுவரை அடைத்துக்கொண்டிருந்த திரையைப் பார்த்தாள். ஆறாம் நம்பர் பச்சைப் பசேலென்று இருந்தது. அங்கிருந்து தெருக்களுக்குப் பிரிந்து போகும் எட்டுத் தடங்களும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது தடத்தில் 148.3 ஆம்பியர். ஐந்தாவதில் 92.6. ஒரு குறையும் இல்லை.

"எல்லாம் நல்லாத்தானே ஓடுது?" என்றாள்.

"அதை நீங்களே இவங்ககிட்ட சொல்லுங்க மேடம். ஒருத்தர் என் பரம்பரையையே திட்டறார்."

பெரியவள் ஆறாம் நம்பர் ஆபரேட்டரைப் போனில் பிடித்தாள். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிற மனுஷர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் என்று அவருக்குப் பெயர்.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன் மேடம். எட்டுத் தடத்து பிரேக்கரையும் ஒரே நேரத்துல ஆஃப் பண்ணிட்டீங்களே, ஏதாவது வேலை நடக்குதா?"

"நானா? நான் எங்கே ஆஃப் பண்ணினேன்?"

"அங்கேருந்துதானே பண்ணினீங்க? தானாத் திறந்துச்சு. சரி, மேலிடத்து உத்தரவு, நாம ஏன் கேட்கணும்னு..."

"எத்தனை நிமிஷமா இப்படி நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஒரு... எட்டு நிமிஷம் இருக்கும்."

திட்ட வாய் வரை வந்ததை அவள் விழுங்கினாள். "எழுந்து போய்ப் பேனல்ல இருக்கிற முள் மீட்டரைக் கண்ணால பார்த்துச் சொல்லுங்க. மூணாவது தடம்."

செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. "ஜீரோ மேடம். எட்டும் ஜீரோ."

திரையில் இன்னமும் 148.3.

இங்கேதான் பூதக்கண்ணாடி என்ற பெயருக்கு அர்த்தம் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் திரை கோளாறு, கம்ப்யூட்டரை அணைத்துப் போடு என்றிருப்பார்கள். பெரியவள் கடந்த ஒரு மணி நேரத்தின் எண்களை வரிசையாக எடுத்துப் போட்டாள். கரண்ட் ஒரு நொடி போல மறு நொடி இருக்காது. எங்கோ ஒருத்தி மிக்ஸி போடுவாள், எங்கோ ஒருவன் மோட்டாரை நிறுத்துவான், எண் ஏறும், இறங்கும். எட்டு நாற்பது முதல் எட்டு ஐம்பத்தொன்று வரை எண்கள் அப்படித்தான் ஏறி இறங்கியிருந்தன. ஒன்பது பத்துக்கு அதே பதினோரு நிமிஷம் மறுபடி ஆரம்பித்திருந்தது. அதே ஏற்றம், அதே இறக்கம், புள்ளிக்குப் பிந்தைய எண்வரை அதே. அது முடிந்ததும் ஒன்பது இருபத்தொன்றுக்கு மறுபடி முதலிலிருந்து.

எவனோ உள்ளே நுழைந்து பதினோரு நிமிஷத்தைப் பதிவு செய்து, அதையே திருப்பித் திருப்பித் திரைக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். அந்த மறைவில் எட்டு பிரேக்கரையும் திறந்து கரண்டை நிறுத்திவிட்டு, இவர்கள் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டிருந்தான்.

பெரியவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ அழுக்குக் கையை வீட்டு அலமாரிக்குள் விட்டுத் துணிகளைப் புரட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"பிரேக்கரைக் கையால போடுங்க," என்றாள் போனில்.

"போட்டேன் மேடம். போட்ட கையோட மறுபடி திறந்துக்குது."

"அப்ப நிறுத்துங்க. பேனல் மேல ரிமோட், லோக்கல்னு ஒரு சாவி இருக்கும். அதை லோக்கலுக்குத் திருப்பினா வெளியிலிருந்து எவனாலும் தொட முடியாது."

"சாவி..." மறுமுனையில் இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. "சாவி இருந்துச்சு மேடம். அதைத் திருப்பிப் பத்து வருஷம் ஆச்சு."

சாவி, ஆபரேட்டரின் மேஜை இழுப்பறையில் காய்ந்த பேனாக்களுக்கும் தலைவலித் தைலத்துக்கும் அடியில் கிடந்தது. துருவேறிய துவாரத்தில் எண்ணெய் விட்டு, தட்டி, திருப்பி, எட்டுத் தடத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கும்போது மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

இருபத்தொன்பது நிமிஷம் என்று பதிவேட்டில் எழுதினார்கள். உண்மையில் முப்பத்தேழு. ஆபரேட்டர் மரியாதையாகக் காத்திருந்த நேரத்தை யாரும் சேர்க்கவில்லை.

போன்கள் அடங்கின. அறையில் எல்லாரும் டீ வரவழைத்துக் குடித்தார்கள். பெரியவள் குடிக்கவில்லை. வந்தவன் எந்தக் கதவு வழியாக வந்தான் என்று தேடிக்கொண்டிருந்தாள். கதவு கிடைக்க அரை மணி ஆயிற்று. கிடைத்தபோது அது கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. அடிக்கடி கத்தும் எச்சரிக்கை மணிகளை ஒரு பட்டியலில் போட்டு வாயை அடைத்துவிடுவார்கள். தொல்லைப் பட்டியல் என்று பெயர். நாளைக்கு நாற்பது தடவை ஒன்றுமில்லாததற்குக் கத்தினால் மனுஷன் எப்படி வேலை பார்ப்பது என்பது நியாயம். ஆறாம் நம்பரில் 'அறியாத இணைப்பு' என்ற மணி பல மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அதற்கு வாய்ப்பூட்டு போட்டிருந்தார்கள். போட்டவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது.

பெரியவளின் பெயர்தான் அது.

அவளுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. பராமரிப்பு ஒப்பந்தக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். ஒப்பந்தக்காரர் போனில் சிரித்தார். "லூஸ் கனெக்‌ஷன்கா. அதுக்குப் போய் அலட்டிக்கிறியே. மணியை ஆஃப் பண்ணி விடு, நான் அப்புறம் பார்த்துக்கறேன்." தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஊரெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள், தம்பி சொன்னதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

ஆபரேட்டரை மறுபடி கூப்பிட்டாள். "தகவல் அனுப்பற அலமாரி இருக்கில்ல, அதைத் திறங்க. வயருக்குப் பின்னால சம்பந்தமில்லாம ஏதாவது இருக்கா பாருங்க."

அவர் பார்த்தார். சொல்லத் தெரியாமல் போட்டோ எடுத்து அனுப்பினார்.

வயர்க் கற்றைக்குப் பின்னால், இருபுறம் ஒட்டும் டேப்பில் ஒட்டி வைத்த ஒரு கறுப்பு நெட் பெட்டி. சிம் கார்டு போட்டால் வீட்டுக்கு இன்டர்நெட் தருமே, அந்த வகை. ஒரு மூலை உருகி வழிந்து இறுகியிருந்தது.

அந்த மூலை அவளுக்குத் தெரியும். இஸ்திரி போடும்போது அவளே கை தவறிச் சுட்ட மூலை. இரண்டு வருஷம் அவள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெட்டி அது. புதுசு வாங்கியபோது, "சும்மாதானே கிடக்கு, குடுக்கா" என்று சின்னவன் எடுத்துக்கொண்டு போனான்.

பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். பின்பக்கத்தில் கம்பெனி ஒட்டிய பாஸ்வேர்டு காகிதம் அப்படியே இருந்தது. அதைக்கூட மாற்றவில்லை கடன்காரன். நேரில் போகச் சோம்பல்பட்டு, வீட்டில் படுத்தபடியே செல்போனில் கருவிகளைத் தட்டி எழுப்ப வழி செய்து வைத்திருக்கிறான். அவன் நுழைந்த வழியில் ஊரே நுழையலாம்.

'சீ' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். புகார் எழுதும் பெண் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

ஆபரேட்டரிடம் சொல்லிப் பெட்டியைப் பிடுங்க வைத்துவிட்டு, மேலதிகாரியின் அறைக்குப் போனாள். அவருக்கும் அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு. சமாளிப்பு. எது நடந்தாலும் "சமாளிச்சுக்கலாம்" என்பார். இருபது வருஷம் அந்த ஒரு வார்த்தையை வைத்தே மேலே வந்தவர்.

"யாரோ ஒரு பெட்டி வெச்சிருக்காங்க சார். அது வழியாத்தான் வந்திருக்கான். மத்த சப்ஸ்டேஷன்லயும் இருக்கலாம். உடனே தேடணும்," என்றாள்.

யாரோ என்றுதான் சொன்னாள். என் தம்பி என்று சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. அந்த அரை நொடியை அவளால் பிறகு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சமாளிப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உட்காருங்க மேடம். ஒரு கிளை விழுந்து லைன் போச்சுன்னு எழுதினா யாராவது நம்மைக் கேள்வி கேட்பாங்களா?"

"கிளையா?"

"மரக்கிளை. இயற்கை. அதை யாரும் விசாரிக்க முடியாது. எவனோ கம்ப்யூட்டர்ல புகுந்தான்னு எழுதுங்க, நாளைக்கே குழு போட்டு, நம்ம ரெண்டு பேரையும் உட்கார வெச்சு, அந்த மணியை யாரு நிறுத்தினாங்கன்னு முதல் கேள்வி கேட்பாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நிதானமாகப் பார்த்தார். "அங்க பராமரிப்பு யாரு? உங்க தம்பிதானே? அப்ப உங்களுக்கும் கிளைதான் நல்லது."

பல் தெரியாமல் புன்னகைத்தார். வாசனைப் பாக்கு மணந்தது. பெரியவளுக்கு அந்த மணத்துக்கே வாந்தி வரும் போலிருந்தது. அதைவிட மோசம், ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் சொன்னது நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் ஒன்றரைக்கு அறிக்கை அவள் மேஜைக்கு வந்தது. பலத்த காற்றில் கிளை முறிந்து விழுந்து மின்தடை. இணைப்பு, புகைப்படம் ஒன்று. அவள் கையெழுத்துப் போட அடியில் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

காற்றா? காலையிலிருந்து ஜன்னலுக்கு வெளியே ஓர் இலை அசையவில்லை.

புகைப்படத்தில் ஆறாம் நம்பரின் வேலி. வேலி மேல் சாய்ந்தபடி ஆள் உயரக் கிளை. இலைகள் இன்னும் வாடவில்லை. பெரியவள் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். முறிந்த கிளை நார் நாராகக் கிழிந்திருக்கும். இதன் முனை வட்டத் தட்டுப் போல வழுவழுவென்று இருந்தது. ரம்பத்தால் அறுத்த கிளை. அடியில் கொஞ்சம் மரத்தூள்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வேலிக்கு நூறு அடிக்குள் மரமே கிடையாது என்பது தனி.

திரைக்குப் பழைய எண்ணை ஊட்டியவனாவது முகம் தெரியாத அயோக்கியன். இவர்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள்.

கையெழுத்துப் போடாமல் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அஞ்சு மணிக்குள்ள வேணும் மேடம்," என்று சமாளிப்பு பின்னாலிருந்து சொன்னார். அவள் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தாள். இன்னும் எத்தனை பெட்டி இருக்கிறது என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்.

பச்சிளம் குழந்தைகள் பிரிவின் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுத் தூக்கு. பெரியவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா. உன் தம்பி உள்ளேதான் இருக்கான். பாவம், காலையிலிருந்து ஓட்டம். உங்க ஆபீஸ்லேருந்து அவசரமா ஒரு கிளை வேணும்னு கேட்டாங்களாமே. நம்ம கொல்லையில ஏறி அறுத்துக் கொண்டுபோய்க் குடுத்துட்டு இப்பத்தான் வந்தான்."

பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "நம்ம கொல்லையிலயா?"

"ஆமா. நான்தான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன். எதுக்குடா கிளைன்னா, அக்காவுக்காகத்தான்னான்." அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "உனக்கு ஏதோ சிக்கலாம், அதுல உன்னைக் காப்பாத்தறானாம். கூடப் பிறந்தவன்னா சும்மாவா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையைவிட அசிங்கமான சிரிப்பு. அதை அடக்கிக்கொண்டு, "காலையில இங்கே கரண்ட் போச்சே, குழந்தை எப்படி இருந்தா?" என்று கேட்டாள்.

அம்மாவின் முகம் சுருங்கியது. "அதை ஏன் கேட்கறே. நல்லவேளை, அவன் அப்ப இங்க இல்லை, மருந்து வாங்கப் போயிருந்தான். ஜெனரேட்டர் எடுக்கவே இல்லை. நர்ஸம்மா ஓடி வந்து குழந்தையை எடுத்து அவன் பெண்டாட்டி நெஞ்சு மேல படுக்க வெச்சுப் போர்வையைப் போட்டுச் சுத்தினா. ஆறு நிமிஷம். குழந்தையோட உதடு நீலமாப் போயிடுச்சுடீ. ஜெனரேட்டர் வந்தப்புறம்தான் திரும்பிச்சு. அவன்கிட்ட சொல்லாதே, பயந்துடுவான்னு நாங்க ரெண்டு பேரும் வாயே திறக்கலை."

இதையும் அவனிடம் மறைத்திருக்கிறார்கள். பிறந்த நாளிலிருந்தே அவனுக்கு எதுவும் வலிக்கக் கூடாது. வீட்டில் எல்லாரும் சேர்ந்து பஞ்சில் பொதிந்து வளர்த்த பிள்ளை.

சின்னவன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். சட்டைக் கையில் மரத்தூள். அக்காவைப் பார்த்ததும் கண்ணடித்தான்.

"போட்டோ பார்த்தியா? சூப்பரா இருக்கில்ல? இலையெல்லாம் ஃப்ரெஷ். உன் மேல ஒரு பேச்சு வராது. கவலையே படாதே."

"பெட்டி எத்தனை?" என்றாள் பெரியவள்.

"என்ன பெட்டி?"

பெரியவள் செல்போனில் உருகிய மூலையைக் காட்டினாள். அவன் பார்த்தான். தலையைச் சொறிந்தான். பிறகு, மாட்டிக்கொண்டால் எப்போதும் வரும் அந்தக் கெஞ்சல் சிரிப்பு வந்தது.

"அதுவா... அக்கா, குழந்தை இந்த நிலைமையில இருக்கு. நான் அங்கயும் இங்கயும் எத்தனை தடவை ஓடறது? இங்கே பக்கத்துல இருக்கணும்னுதான் வெச்சேன். ஒரு அப்பாவா யோசிச்சுப் பாரு."

"குழந்தை பிறந்து பத்தொன்பது நாள். என்கிட்டேருந்து அந்தப் பெட்டியை வாங்கிட்டுப் போய் எட்டு மாசம்."

சிரிப்பு நின்றது.

"உன் சோம்பலுக்கு அந்தக் குழந்தையை எடுத்து முன்னால நிறுத்தறியே, உனக்கு நாக்குக் கூசலையாடா?"

"மெதுவாப் பேசு," என்று அம்மா எழுந்து வந்தாள். "என்ன பெரிசா பண்ணிட்டான்? ஒரு பெட்டி வெச்சான். வேலை சுலபமாகறதுக்கு வெச்சான். அவன் உன் தம்பிடீ. இப்ப எழுதிக் குடுத்து அவனை உள்ளே தள்ளணுமா?"

"எத்தனைன்னு கேட்டேன்."

"ஒண்ணுதான்கா. சத்தியமா ஒண்ணே ஒண்ணு."

பெரியவள் அவன் தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். உள்ளே, குழாய்களுக்கு நடுவே, ஒரு முழம்கூட இல்லாத உயிர் மூச்சுக்கு மூச்சு விலா எலும்பு தெரியப் படுத்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் அவன் மனைவி, விளக்கு மறுபடி அணைந்துவிடுமோ என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் எங்கேருந்து வருது தெரியுமா?"

"எங்கேருந்து?"

"ஆறாம் நம்பர்லேருந்து."

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது. அம்மா, "வேண்டாம்டீ," என்றாள். பெரியவள் நிறுத்தவில்லை.

"காலையில நீ வெச்ச பெட்டி வழியாத்தான் எவனோ உள்ளே வந்து அணைச்சான். ஜெனரேட்டர் வர ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷமும் உன் பெண்டாட்டி உன் குழந்தையைத் தன் உடம்புச் சூட்டுல வெச்சிருந்தா. உதடு நீலமாப் போச்சாம். உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவேன்னு மறைச்சிருக்காங்க. அந்த நேரத்துல நீ மருந்துக் கடையில இருந்தே. அப்புறம் போய்க் கிளை அறுத்தே."

சின்னவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதிலிருந்து அவனுக்கு உண்மை தெரிந்தது. கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டான். நெற்றியைச் சாய்த்தான். அக்கா தேற்றுவாள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தான். இத்தனை வருஷமும் தேற்றியிருக்கிறாள். இன்று அவளுக்கு அவனைத் தொடவே பிடிக்கவில்லை.

"ஏழு," என்றான் கண்ணாடியைப் பார்த்தபடியே.

"என்ன?"

"ஏழு பெட்டிக்கா. மூணு, ஆறு, ஒம்பது, பதினொண்ணு, பதினாலு, பதினஞ்சு, இருபது."

ஆறாம் நம்பர் பெட்டியைப் பிடுங்கியாயிற்று. மிச்சம் ஆறு கதவு திறந்து கிடக்கிறது. வந்தவன் போய்விட்டானா, இல்லை வேறு எந்தக் கதவுக்குள் நிற்கிறானா என்றும் தெரியாது.

பெரியவள் பைக்குள்ளிருந்து அறிக்கையை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். செல்போனை எடுத்தாள். அம்மா ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்க பெரிய ஆபீசரைக் கூப்பிடு. அவர் பார்த்துப்பார். நீ உன் வாயால சொல்லாதே. நான் உன்னைக் கெஞ்சிக் கேட்கறேன்."

"அவர் இன்னொரு கிளை கேட்பார். ஏணியைப் பிடிக்கப் போறியா?"

அம்மாவின் கை தளர்ந்தது.

பெரியவள் மூன்றாம் நம்பரைக் கூப்பிட்டாள். நடைபாதை முழுக்கக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். காலையில் அதிகாரி முன்னால் வராத வார்த்தை இப்போது தடங்கலில்லாமல் வந்தது.

"கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசறேன். சாவியை லோக்கலுக்குத் திருப்புங்க. அப்புறம் தகவல் அனுப்பற அலமாரியைத் திறங்க. வயருக்குப் பின்னால ஒரு கறுப்பு நெட் பெட்டி ஒட்டியிருக்கும். என் தம்பி வெச்சது. பிடுங்கிடுங்க. மணி கத்தினப்போ நான்தான் நிறுத்தி வெச்சேன், அதையும் சேர்த்து எழுதிக்குங்க. ரெண்டு பேர் பெயரையும் எழுதுங்க."

"உங்க தம்பியா மேடம்?"

"ஆமா. என் தம்பிதான்."

நடைபாதையில் போன நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். சின்னவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒன்பதாம் நம்பரில் பெட்டி வெளியே வந்தது. பதினொன்றில் சாவியைத் தேடப் பத்து நிமிஷம் ஆனது. கிடைத்ததும் அதுவும் வெளியே வந்தது. நடுவில் இரண்டு தடவை சமாளிப்பு கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.

பதினாலாம் நம்பர் ஆபரேட்டர் இளம் பெண். சொன்ன வேகத்தில் சாவியைத் திருப்பிவிட்டு, அலமாரியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தாள்.

"மேடம், பார்த்துட்டேன். ஆனா இங்க ரெண்டு இருக்கு."

"என்ன ரெண்டு?"

"பெட்டி. ஒண்ணு பழசு, தூசி படிஞ்சிருக்கு. அதுக்குக் கீழே ஒண்ணு புத்தம் புதுசு. லைட்டு படபடன்னு மின்னுது. எதைப் பிடுங்கட்டும்?"

பெரியவள் கீழே பார்த்தாள். சின்னவன் நிமிர்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அங்க எத்தனை வெச்சே?"

"ஒண்ணுதான்கா."

அன்றைக்கு அவன் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. இதை நம்பினாள்.